ஜிஐஏ சான்றும் வைரத்தின் தெளிவும்: தோடு வாங்கியபோது படித்து அறிந்தவை

கடந்த ஆவணியில் என் மகளின் திருமணத்துக்காக ஒற்றைக்கல் வைரத்தோடு ஒரு ஜோடி வாங்கினோம். கல் ஒவ்வொன்றும் 40 சென்ட், அதாவது 0.40 காரட்; விட்டம் 5 மில்லிமீட்டரைக்கூட எட்டாத சிறு கற்கள். வாங்கிய இடம் மதுரை தெற்கு ஆவணி மூல வீதி. ஆனால் நான் இங்கே மதிப்பிடுவது கடையை அன்று. அந்தக் கற்களோடு வந்த, ஜிஐஏ என்னும் ஆய்வு நிறுவனத்தின் தரச்சான்றை. கல்லுக்கு நாம் கொடுக்கும் விலையில் ஒரு பகுதி அந்தச் சான்றுக்கும் போகிறது என்பதால், அதுவும் நாம் பணம் கொடுத்து வாங்கும் பொருளே. அதிலும் கல்லில் குறை எவ்வளவு என்பதைச் சொல்லும் 'தெளிவு' என்ற ஒற்றை வரியை, கடைக்காரர்கள் 'கிளாரிட்டி' என்று சொல்லும் அந்த வரியை, எத்தனை கவனமாகப் படிக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்க ரத்தினவியல் கழகம் என்று சொல்லத்தக்க ஜிஐஏ, 1931இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ராபர்ட் ஷிப்லி என்பவரால் தொடங்கப்பட்டது. அது நகை விற்கும் நிறுவனம் அன்று; கல்வியும் ஆய்வும் கல்லைத் தரம் பிரிப்பதுமே அதன் பணி. இன்று உலகெங்கும் வழங்கும் தெளிவு அளவுகோலை அந்நிறுவனத்தின் ரிச்சர்ட் லிடிகோட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1953இல் வகுத்தார்கள். 1955இல் முதல் தரச்சான்றுகள் வெளிவந்தன. அதற்கு முன்பு ஒவ்வொரு வணிகரும் தமக்குத் தோன்றிய சொல்லால் கல்லைப் புகழ்ந்துகொண்டிருந்த நிலையில், ஒரே சொல் எல்லா ஊரிலும் ஒரே பொருளைத் தரும்படி செய்ததுதான் இந்த அளவுகோலின் பெரிய சாதனை என்று நான் கருதுகிறேன். வைரம் பட்டை தீட்டப்படுவது பெரும்பாலும் சூரத்தில்தான் என்பதால், ஜிஐஏ மும்பையிலும் சூரத்திலும் ஆய்வகங்களை நடத்துகிறது. நம் ஊர்க் கடையில் கிடைக்கும் சான்று பெற்ற கல் அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

சான்றைப் பற்றிப் பேசும் முன், அது இல்லாமல் நாங்கள் பட்ட ஒரு அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். முதலில் சென்ற வேறொரு கடையில் ஏற்கெனவே தங்கத்தில் பதித்து முடித்த தோடுகளைக் காட்டினார்கள். ஒவ்வொன்றோடும் கடையின் பெயர் அச்சிட்ட சிறிய அட்டை இருந்தது. அதில் 'இஎஃப் விவிஎஸ்' என்று எழுதியிருந்தது. முதல் இரண்டு எழுத்துகள் நிறத்தையும் பின்னுள்ள மூன்றும் தெளிவையும் குறிக்கும். நம் ஊரில் வைரம் விலை பேசும் எவரும் இந்தத் தொடரை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். எந்த ஆய்வகம் இதைச் சொன்னது என்று கேட்டபோது, எங்களிடம் உள்ள எல்லாக் கல்லும் இதே தரந்தான் என்பது மட்டுமே பதிலாக வந்தது. நான் கையோடு கொண்டுபோயிருந்த பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். இடது தோட்டின் கல்லில், மேல்முகத்தின் நடுவுக்குச் சற்று விலகி, ஒரு கரும்புள்ளி முதல் பார்வையிலேயே தெரிந்தது. பயிற்சி இல்லாத என் கண்ணுக்கே உடனே புலப்படும் புள்ளி இருக்கும் கல், அந்த மூன்றெழுத்துத் தரத்துக்கு உரியதாக இருக்க முடியாது. ஏன் முடியாது என்பதற்கு அந்த அளவுகோலைத்தான் விளக்க வேண்டும்.

வைரம் பூமிக்கடியில் ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்கும் கீழே, கடும் அழுத்தத்திலும் வெப்பத்திலும், பெரும்பாலும் நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே உருவானது. வளரும்போதே பிற கனிமத் துணுக்குகளைத் தன்னுள் அடைத்துக்கொள்கிறது. மேலே வரும் பயணத்தில் சிறு விரிசல்களையும் அடைகிறது. இப்படிக் கல்லுக்குள் இருப்பவற்றை உட்குறைகள் என்றும், வெட்டும்போதும் அணியும்போதும் மேற்பரப்பில் மட்டும் விழும் கீறல்களையும் சிராய்ப்புகளையும் மேற்குறைகள் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். இந்த இரண்டையும் பத்து மடங்கு பெருக்கத்தில், பயிற்சி பெற்ற கண்ணால் பார்த்து, அவை எவ்வளவு எளிதாகத் தெரிகின்றன என்பதைக் கொண்டு 11 படிகளில் ஒன்றில் கல்லை வைக்கிறார்கள். பத்து மடங்கு என்பது முக்கியமான எல்லை. நூறு மடங்கில் பார்த்தால் அநேகமாக எந்தக் கல்லிலும் ஏதாவது ஒன்று தென்படும். வெறுங்கண்ணால் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட தரங்களை வேறுபடுத்தவே இயலாது.

உச்சியில் இருப்பது எஃப்எல்: பத்து மடங்கிலும் உள்ளேயோ வெளியேயோ எதுவும் தெரியாத கல். அதற்கு அடுத்தது ஐஎஃப்: உள்ளே ஒன்றும் இல்லை, மேற்பரப்பில் மட்டும் அற்பமான அடையாளம் உண்டு. இவ்விரண்டும் அரிதானவை, சாதாரணமாகத் தோடு வாங்கப் போகிறவர் இவற்றைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. அடுத்து வருபவை விவிஎஸ்1, விவிஎஸ்2. உட்குறை உண்டு, ஆனால் தேர்ந்த ஆய்வாளரே பத்து மடங்கில் சிரமப்பட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் முதல் கடையில் கண்ட கரும்புள்ளிக்கு இங்கே இடமில்லை என்பது இதனால்தான். விஎஸ்1, விஎஸ்2 தரங்களில் உட்குறைகள் முயன்று பார்த்தால் தெரியும், ஆனால் சிறியவை. எஸ்ஐ1, எஸ்ஐ2 தரங்களில் லென்ஸைக் கண்ணுக்குக் கொண்டுபோனதும் தென்பட்டுவிடும். ஐ1, ஐ2, ஐ3 தரங்களில் வெளிப்படையாகவே தெரியும். கல்லின் ஒளியையும் சில சமயம் உறுதியையும் பாதிக்கும்.

இந்தப் படிகளை மனப்பாடம் செய்வது எளிது. எந்தக் கல்லை எந்தப் படியில் வைப்பது என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் இந்தச் சேவையின் அருமை இருக்கிறது. உட்குறையின் பருமன், எண்ணிக்கை, இருக்கும் இடம், தன்மை, சுற்றியுள்ள கல்லிலிருந்து அது எவ்வளவு எடுப்பாகத் தெரிகிறது என்னும் ஐந்தையும் சேர்த்து நிறுக்கிறார்கள். இவற்றில் இடம் என்பதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரே அளவுள்ள புள்ளி மேல்முகத்தின் நேர்கீழே இருந்தால் உடனே கண்ணில் படும். விளிம்பை ஒட்டி இருந்தால் பட்டைகளின் மினுமினுப்பில் மறைந்துவிடும். கல்லின் அடிப்பாகப் பட்டைகள் கண்ணாடிகளைப் போல ஒளியைத் திருப்புபவை என்பதால், அங்கே தவறான இடத்தில் அமர்ந்த ஒரே ஒரு புள்ளி, ஐந்தாறு புள்ளிகளாகப் பிரதிபலித்துத் தெரிவதும் உண்டு. அப்படிப்பட்ட கல்லின் தரத்தைத் தாழ்த்தியே வைக்கிறார்கள். நிறம் என்பதும் அப்படித்தான்: நிறமற்ற படிகத் துணுக்கு கல்லோடு கல்லாகக் கலந்துவிடும், அதே அளவுள்ள கரிய துணுக்கு கண்ணை உறுத்தும்.

தன்மையைக் குறிக்கச் சான்றில் வரும் பெயர்களைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. கல்லுக்குள் சிக்கிய மற்றொரு கனிமத்தைப் படிகம் என்கிறார்கள். அது இன்னொரு வைரமாகவே இருக்கலாம், செந்நிறக் கார்னெட்டாகவோ பச்சை நிற டயாப்சைடாகவோ இருக்கலாம். மிக நுண்ணிய புள்ளிகள் திரளாகக் கூடியிருந்தால் அது மேகம். மெல்லிய நீண்ட துணுக்கு ஊசி. உள்விரிசல், ஒளி படும்போது வெண்மையாக இறகுபோல் தெரிவதால் இறகு எனப்படுகிறது. இதைப் படித்தபோது எனக்குச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை நினைவுக்கு வந்தது. கோவலன் மதுரையின் மணிக்கடை வீதியைப் பார்க்கும் பகுதியில், அங்கிருந்த வைரங்கள் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் நான்கு குற்றமும் நீங்கியவை என்று சொல்லப்படுகிறது. காக்கையின் காலடிபோல் பிரியும் விரிசல், கறை, புள்ளி, கோடு என்று விரித்தால், இன்றைய சான்றில் உள்ள இறகையும் மேகத்தையும் புள்ளியையும் ஊசியையும் நம் ஊர் நூலோர் வேறு பெயர்களால் அறிந்திருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. நான் கல் வாங்கிய தெரு அதே ஊரில் இருக்கிறது என்பதில் எனக்கு மனநிறைவு உண்டு.

வேறுபாடு ஒன்றும் உண்டு. பழைய முறை குற்றம் இருக்கிறதா, இல்லையா என்று கேட்டது. இருந்தால் அது தோஷம், அணிபவருக்கு ஆகாது. இன்றைய அளவுகோல், குற்றம் எல்லாக் கல்லிலும் இருக்கும் என்று ஏற்றுக்கொண்டு, எவ்வளவு என்று அளக்கிறது. நம் வீடுகளில் இவ்விரண்டும் கலந்துவிட்டன. வைரம் வாங்கினால் சில நாள் வீட்டில் வைத்துப் பார்த்து, மனத்துக்குச் சரியாக இருந்தால் மட்டும் நிறுத்திக்கொள்ளும் வழக்கம் எங்கள் வீட்டில் இன்றும் இருக்கிறது. புள்ளி என்ற சொல்லைக் கேட்டாலே என் தாயார் கல்லைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிடுவார். அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேச மாட்டேன். தலைமுறைகளின் கவனம் அதில் இருக்கிறது. ஆனால் அந்த அச்சத்தையே முதலாக வைத்து, விஎஸ் தரத்தில் தோஷம் வரும் என்று சொல்லி விவிஎஸ் கல்லைத் தலையில் கட்டும் விற்பனைப் பேச்சை நான் இரண்டு இடங்களில் கேட்டேன். விவிஎஸ் கல்லிலும் உட்குறை உண்டு என்பதை அவர்கள் சொல்வதில்லை. அந்தத் தரத்தின் விளக்கத்திலேயே அது இருக்கிறது.

இரண்டாவது கடையில், பதிக்காத கற்களையே ஜிஐஏ சான்றோடு காட்டினார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜிஐஏ தரச்சான்று பதிக்காத கல்லுக்கு மட்டுமே தரப்படுகிறது. தங்கத்துக்குள் இருக்கும் கல்லின் விளிம்பையும் அடியையும் முழுமையாகப் பார்க்க முடியாது என்பதே காரணம். நகையைப் பதித்தபடியே பார்த்துச் சான்று தரும் ஆய்வகங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலும் ஒரே தரமாக இல்லாமல், விவிஎஸ் முதல் விஎஸ் வரை என்பது போல ஒரு வீச்சாகக் குறிப்பிடப்பட்டிருக்கும். அதில் பொய் இல்லை, ஆனால் துல்லியம் குறைவு. நகையில் உள்ள ஹால்மார்க் முத்திரையோ தங்கத்தின் தூய்மைக்கு மட்டும் பொறுப்பு. கல்லைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளும் உறவினர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

எங்களுக்குக் காட்டப்பட்டவை மூன்று ஜோடிகள். மூன்றும் ஒரே எடை, ஒரே நிறத் தரம். முதல் ஜோடி விவிஎஸ்2. இரண்டாவது விஎஸ்1. மூன்றாவதில் ஒரு கல் விஎஸ்2, மற்றது எஸ்ஐ1. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே விலையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தது. கடையின் மேசை விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, வாசலுக்கு அருகே பகல் வெளிச்சத்தில் ஆறு கற்களையும் வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தோம். என் மகள், அவளுடைய அத்தை, நான் ஆகிய மூவரும் தனித்தனியாகப் பார்த்தும், எது எந்த ஜோடி என்று வெறுங்கண்ணால் சொல்ல முடியவில்லை. கடைக்காரர் தாமே கற்களை மாற்றி மாற்றி வைத்தார். அந்தப் பொறுமைக்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பிறகு லென்ஸை எடுத்தோம். எஸ்ஐ1 கல்லில் விளிம்புக்கு அருகே நிறமற்ற ஒரு படிகமும், அதை ஒட்டிக் குட்டையான ஓர் இறகும் தெரிந்தன. விஎஸ்2 கல்லில் சிறு மேகம் ஒன்றைக் காண எனக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. விவிஎஸ்2 கற்களில் நான் எதையும் காணவில்லை. சான்று சொன்னதும் என் கண் கண்டதும் பொருந்தின என்பது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

லென்ஸ் பிடிப்பதில் ஒரு பழக்கம் வேண்டும். கல்லை இடுக்கியில் பிடித்துக்கொண்டு, லென்ஸைக் கண்ணோடு ஒட்டினாற்போல் வைத்து, கல்லை ஓர் அங்குல தூரத்துக்குக் கொண்டுவர வேண்டும். இரு கண்களும் திறந்திருக்க வேண்டும். கடைகளில் பலர் லென்ஸைக் கல்லின் மேல் கவிழ்த்து, கண்ணைத் தூரத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் எந்தக் கல்லும் சுத்தமாகத்தான் தெரியும். மேலும், கல்லைத் துணியால் துடைத்த பிறகே பார்க்க வேண்டும். விரலின் எண்ணெய்ப்பசையும் தூசியும் புள்ளிபோல் தோன்றும். துடைத்தும் அதே இடத்தில் நிற்பதுதான் உட்குறை.

இனி சான்றின் குறைகள். 2 காரட்டுக்குக் குறைந்த கற்களுக்குப் பெரும்பாலும் வழங்கப்படுவது ஜிஐஏ டோசியர் என்னும் சுருக்கச் சான்று. அதில் தெளிவுத் தரம் இருக்கும், உட்குறைகளின் பெயர்கள் ஒரு வரியில் இருக்கும், ஆனால் அவை கல்லில் எங்கே இருக்கின்றன என்பதைக் காட்டும் வரைபடம் இருக்காது. என் தமக்கையிடம் 1.02 காரட் மோதிரக் கல்லின் முழுச் சான்று இருக்கிறது. அதையும் எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் படித்தேன். அதில் கல்லின் மேற்புறமும் அடிப்புறமும் கோட்டோவியமாக வரையப்பட்டு, உட்குறைகள் சிவப்பு மையிலும் மேற்குறைகள் பச்சை மையிலும் குறிக்கப்பட்டிருக்கின்றன. குறியீடுகளின் பட்டியலில் முதலில் வருவதே பெரும்பாலும் தரத்தைத் தீர்மானித்த உட்குறை. படத்தையும் பட்டியலையும் சேர்த்துப் பார்த்தால், கல் ஏன் அந்தப் படியில் நிற்கிறது என்ற நியாயம் விளங்கிவிடுகிறது. டோசியரில் தீர்ப்பு மட்டுமே கிடைக்கிறது. அந்த நியாயம் கிடைப்பதில்லை. இடம் இத்தனை முக்கியம் என்று வகுத்த நிறுவனமே, சாதாரணக் குடும்பங்கள் வாங்கும் அளவுள்ள கற்களுக்கு இடத்தைக் காட்டாமல் விடுவதை நான் பெருங்குறையாகக் கருதுகிறேன்.

முழுச் சான்றிலும் கவனிக்க வேண்டிய மூலை ஒன்று உண்டு: கடைசியில் வரும் குறிப்புப் பகுதி. என் தமக்கையின் சான்றில், இவற்றுக்கு மேலும் உள்ள நுண்புள்ளிகள் படத்தில் காட்டப்படவில்லை என்று இருந்தது. அது சாதாரணமானது; எல்லாவற்றையும் வரைந்தால் படமே நிரம்பிவிடும். ஆனால் தெளிவுத் தரமே படத்தில் காட்டப்படாத மேகங்களைக் கொண்டுதான் தீர்மானிக்கப்பட்டது என்ற பொருளில் ஒரு குறிப்பு வருமானால், அங்கே நின்று யோசிக்க வேண்டும். மேகம் கல் முழுவதும் பரவி, படத்தில் வரைய இயலாத அளவுக்கு இருக்கிறது என்பதே அதன் உட்பொருள். அப்படிப்பட்ட கல்லில் புள்ளி ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். ஆயினும் பால் கலந்த தண்ணீர்போல் மங்கலாக இருக்கக்கூடும். நம் பெரியவர்கள் கல்லில் நீரோட்டம் இருக்கிறதா என்று பார்ப்பார்களே, அதுதான் அங்கே அடிபட்டுப் போகும். படம் வெறுமையாக இருப்பதைக் கண்டு மகிழ்ந்து, அந்த ஒரு வரியைப் படிக்காமல் எஸ்ஐ கல்லை வாங்குவது பெரிய இழப்பு.

சான்று சொல்லாத இன்னொன்று, கல் வெறுங்கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியுமா என்பது. வாங்குகிறவர் உண்மையில் அறிய விரும்புவது இதைத்தான். ஆனால் அளவுகோல் பத்து மடங்கு பெருக்கத்தில் அமைந்தது என்பதால், இந்தக் கேள்விக்கு அது நேராகப் பதில் தராது. விஎஸ் வரையுள்ள வட்டக் கல் பெரும்பாலும் சுத்தமாகவே தெரியும். எஸ்ஐ1 கல்லும் அநேகமாக அப்படியே சுத்தமாகத் தெரியும். எஸ்ஐ2 கல்லை நேரில் பார்க்காமல் வாங்கக்கூடாது. கல்லின் வெட்டு வடிவமும் ஒரு காரணம். வட்டக் கல்லின் பட்டைகள் ஒளியைச் சிதறடித்து உட்குறையை மறைக்கும். மரகத வெட்டு எனப்படும் படிக்கட்டு போன்ற நீளப் பட்டைகள் உள்ள கல், ஜன்னலைப் போல உள்ளே இருப்பதைக் காட்டிவிடும். ஆகவே அத்தகைய கல்லுக்கு ஓரிரு படி உயர்ந்த தரம் கேட்பது நியாயம். உறுதியைப் பற்றியும் சான்று பேசுவதில்லை. இறகு கல்லின் விளிம்பை எட்டியிருந்தால், தட்டுப்படும்போது சில்லு பெயரும் வாய்ப்பு உண்டு. மோதிரத்துக்கு இது மிகவும் கவனிக்க வேண்டியது. காதில் கிடக்கும் தோட்டுக்கு அவ்வளவு இல்லை.

சான்று விலைமதிப்பும் அன்று. அதில் எந்த இடத்திலும் தொகை குறிப்பிடப்படுவதில்லை. அது பயிற்சி பெற்றவர்களின் கருத்து. கல்லின் உரிமையாளர் யார் என்று தெரியாத ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வாளர்கள் பார்த்துத் தரத்தை முடிவு செய்கிறார்கள். ஆயினும், இரு படிகளின் எல்லையில் நிற்கும் கல் இன்னொரு நாள் இன்னொரு படியில் விழலாம். 2020இல் ஐபிஎம் நிறுவனத்தோடு சேர்ந்து, படங்களைக் கொண்டு கணினியே தெளிவைத் தரம் பிரிக்கும் முறையை ஜிஐஏ அறிவித்தது. மனிதக் கண்களின் இந்த வேறுபாட்டைக் குறைக்கும் முயற்சியாகவே நான் அதைப் பார்க்கிறேன். விரிசலில் கண்ணாடி போன்ற பொருளை ஊற்றி நிரப்பிய கல்லுக்கு ஜிஐஏ தரச்சான்று தருவதில்லை. லேசரால் துளையிட்டுக் கரும்புள்ளியை வெளுக்கச் செய்த கல்லானால் சான்றிலேயே குறிப்பிடுகிறார்கள். இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆய்வகத்தில் வளர்க்கப்படும் வைரங்களுக்கு 2025 அக்டோபர் முதல் இந்த 11 படிகளையே பயன்படுத்துவதில்லை; பிரீமியம், ஸ்டாண்டர்டு என்னும் இரண்டே வகைகளில் வைக்கிறார்கள். ஆகவே அதற்குப் பிறகு வழங்கப்பட்ட ஜிஐஏ சான்றைக் காட்டி, ஆய்வக வைரத்துக்கு விவிஎஸ் என்று யாரேனும் சொன்னால் தாளை வாங்கிப் படித்துப் பாருங்கள்.

நம் வீடுகளுக்கு இந்தச் சேவை எட்டாத இடம் ஒன்றும் உண்டு. ஏழுகல் தோட்டிலும் எட்டுக்கல் பேசரி மூக்குத்தியிலும் உள்ள கற்கள் பல 10 சென்ட்டுக்கும் குறைந்தவை. டோசியருக்கே குறைந்தது 15 சென்ட் வேண்டும். ஆகவே அந்த நகைகளுக்குக் கல்வாரியாகத் தரம் கிடைக்காது. இதற்கு நான் கண்ட வழி, கட்டடம் கட்டும் முன், அதாவது தங்கத்தில் பதிக்கும் முன், கற்களை உதிரியாகக் காட்டச் சொல்லி, லென்ஸில் ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான். அடிப்புறம் மூடிய கட்டடமானால் இது இன்னும் அவசியம். ஒருமுறை மூடிவிட்டால் பிறகு கல்லை எடுத்தால்தான் உண்மை தெரியும்.

நாங்கள் மூன்றாவது ஜோடியையே எடுத்தோம். மிச்சமான பணம் கூடுதல் எடைக்குப் போகவில்லை. அந்த ஜோடியில் வெட்டின் தரம் மேலானதாக இருந்ததையும் பார்த்தே எடுத்தோம். கண்ணுக்குத் தெரியும் ஒளி வெட்டினால் வருவதே தவிர, விவிஎஸ் என்ற எழுத்தால் வருவதில்லை. என் தாயாரிடம் புள்ளி உண்டு என்று மறைக்காமல் சொன்னேன். லென்ஸை அவர் கையில் கொடுத்து, எஸ்ஐ1 கல்லில் இருக்கும் படிகத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "கறுப்பு இல்லையே, காக்கைக் கால் மாதிரியும் பிரியவில்லையே" என்றார். ஐந்து நாள் பூஜை அறையில் வைத்திருந்து, பிறகு சம்மதித்தார்.

பதிக்கும்போது, படிகம் இருக்கும் விளிம்பின் மேல் தங்கக் கொக்கி ஒன்று வரும்படி ஆசாரியிடம் கேட்டுக்கொண்டோம். அவர் கல்லை லென்ஸில் பார்த்துத் திருப்பி வைத்து அப்படியே செய்துகொடுத்தார். கல்லின் விளிம்பில் லேசரால் பொறித்த சான்று எண்ணைப் பதிப்பதற்கு முன்பே படித்து, ஜிஐஏ இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்துச் சரிபார்த்துவிட்டோம். இப்போது ஒரு கல்லில் அந்த எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் கொக்கியின் கீழே மறைந்திருக்கின்றன. அதனால் பதிக்கும் முன்பே இரண்டு கற்களுக்கும் ஒரு தாளில் வட்டம் வரைந்து, பட்டைகளைக் கோடுகளாக இட்டு, படிகமும் இறகும் மேகமும் எங்கே இருக்கின்றன என்று சிவப்பு மையில் குறித்து, டோசியரோடு சேர்த்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். தோட்டை எப்போதாவது பழுதுபார்க்கவோ மெருகு போடவோ கொடுத்தால், திரும்பி வரும் கல் எங்கள் கல்தானா என்று அந்தத் தாளை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.